எவ்வளவு, யாருக்கு: கிளினிக்கல் பார்மகாலஜியைத் தேர்ந்தெடுக்கும் முன்

புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் போர்டில் எழுதிப் போடும் கணக்கு ஒன்று உண்டு. வலிப்புக்காக ஒருவர் ஃபெனிடோயின் சாப்பிடுகிறார், தினம் 300 மி.கி. ரத்தத்தில் மருந்தின் அளவு ஒரு மில்லிக்கு 8 மைக்ரோகிராம். 10-க்கும் 20-க்கும் நடுவில் இருக்க வேண்டும், வலிப்பும் நிற்கவில்லை. சரி, 50 மி.கி. கூட்டுகிறோம். அளவு 14 ஆகிறது. இன்னொரு 50 கூட்டி 400 ஆக்கினால் எவ்வளவு வரும்? வகுப்பில் பாதிப் பேர் 20 என்பார்கள். வருவது 32. அந்த மனிதர் தள்ளாடி நடப்பார், பேச்சு குழறும், கண் தானாக ஆடும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களே நினைத்துவிடுவார்கள்.

இரண்டு தடவையும் கூட்டியது அதே 50 தான். பொங்கல் லீவில் பரனூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கவுண்டர் இருக்கிறதோ அத்தனை வண்டிதான் ஒரு மணி நேரத்தில் போக முடியும். அந்த எண்ணிக்கையை நெருங்கும்வரை வரிசை தெரியாது. நெருங்கிவிட்டால், கூட வரும் ஒவ்வொரு பத்து வண்டிக்கும் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீளும். ஃபெனிடோயினைச் சிதைக்கிற கல்லீரல் நொதிக்கும் அப்படி ஒரு நாள் வரம்பு உண்டு. மேலே சொன்ன ஆளுக்கு அது நாளைக்கு 450 மி.கி. என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அந்த வரம்பு 600 ஆக இருக்கலாம். அவருக்கு அதே 400 கொடுத்தால் ரத்தத்தில் வருவது வெறும் 8. ஒரே மருந்து, ஒரே டோஸ். ஒருவருக்கு நஞ்சு, இன்னொருவருக்குப் போதவில்லை.

இதைக் கேட்டதும் சில மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஓரிருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அப்போ யாருக்கு எவ்வளவு வரம்புன்னு முன்னாடியே எப்படி மேடம் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்பார்கள். கிளினிக்கல் பார்மகாலஜி அந்த ஓரிருவருக்கான துறை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான். இந்தக் கேள்வி உங்களை நிஜமாகவே தொந்தரவு செய்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். ரேங்க் பட்டியலில் எது மிச்சம் இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நான் எம்.டி. பார்மகாலஜி சேர்ந்தபோது என் பெரியப்பா, "அப்போ மெடிக்கல் ஷாப் வைக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்ட கேள்விதான். நம் ஊரில் மருந்து என்றால் மருந்துக்கடை, மருத்துவம் என்றால் ஸ்டெதஸ்கோப். நடுவில் ஒரு துறை இருப்பது டாக்டர்கள் பலருக்கே சரியாகத் தெரியாது. பார்மகாலஜி என்றால் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோகும் பாடம் என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த அறிவை மனிதர்கள் மேல், படுக்கையருகில், அளந்து பார்த்துப் பயன்படுத்துவதுதான் கிளினிக்கல் பார்மகாலஜி.

இது எங்கோ வெளிநாட்டில் பிறந்து இறக்குமதியான விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். உலகத்துக்கே பாடமாகிப்போன ஒரு வேலை சென்னையில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போதெல்லாம் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு வேண்டும் என்பது வேதவாக்கு. அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? சென்னை மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி வீட்டில். இருவருக்கும் அதே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான வீடுகளில், போதாத சாப்பாட்டோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு சிகிச்சை எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தன. 1959-ல் முடிவு வெளிவந்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதைவிட என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்து வந்த கட்டம். வீட்டில் இருப்பவர் தினமும் மாத்திரை விழுங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் மையத்துக்கு வரச்சொல்லி, கண்ணெதிரே ஊசியும் மாத்திரையும் கொடுத்தால் என்ன? செய்து பார்த்தார்கள், நன்றாக வேலை செய்தது. அப்படியானால் வாரம் ஒருமுறை போதுமா? இங்கேதான் சிக்கல் வந்தது. சிலருக்குப் போதுமாக இருந்தது, சிலருக்குத் தோற்றது. அங்கே கொடுத்த காசநோய் மருந்தான ஐசோனியசிட்டைக் கல்லீரல் அசிடைலேற்றம் என்ற வழியில் செயலிழக்க வைக்கிறது. பிறவியிலேயே சிலருக்கு அந்த வேலை மெதுவாக நடக்கும், சிலருக்கு வேகமாக. வேகக்காரர்களின் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஒரு மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட ஆகும். மெதுவானவர்களுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. தினமும் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை. வாரம் ஒருமுறை என்று இடைவெளி விட்டதும் வேகக்காரர்கள் தோற்றுப்போனார்கள். மரபணு சார்ந்த மருந்தளவு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதை, அறுபதுகளிலேயே சேத்துப்பட்டில் சளி மாதிரியும் சிறுநீர் மாதிரியும் வைத்துக்கொண்டு கண்டு சொன்னார்கள்.

இப்போது முதல் கணக்குக்குத் திரும்புங்கள். ஃபெனிடோயின் சாப்பிடும் அந்த மனிதருக்குக் காசநோயும் வருகிறது. ஐசோனியசிட் ஃபெனிடோயினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும், அதுவும் மெதுவான அசிடைலேற்றக்காரராக இருந்தால் இன்னும் பலமாகத் தடுக்கும். கூடவே கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதே சிதைவை வேகப்படுத்தும். ஒன்று மேலே இழுக்கிறது, இன்னொன்று கீழே. இந்த மனிதருக்கு எந்த இழுப்பு ஜெயிக்கும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

துறைக்கு இந்தப் பெயரோடு நிலையான இடம் கிடைத்தது அமெரிக்காவில், ஐம்பதுகளில். 1954-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லூயி லசானியா இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அடுத்த சில வருடங்களில் தாலிடோமைட் பேரழிவு வந்தது. கர்ப்பிணிகள் குமட்டலுக்குச் சாப்பிட்ட மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். 1960-ல் அந்த மருந்தின் விண்ணப்பம், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் பிரான்சஸ் கெல்சி என்பவரின் மேஜைக்கு வந்தது. அவர் டாக்டர், மருந்தியலில் பிஎச்.டி.யும் முடித்தவர். கொடுத்த ஆதாரம் போதாது என்று திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு அனுமதியை நிறுத்தி வைத்தார். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அவர் கதையைத்தான்.

சரி, நம் ஊரில் வழி என்ன? எம்.பி.பி.எஸ்., அப்புறம் நீட் பிஜி எழுதி மூன்று வருடம் எம்.டி. பார்மகாலஜி, அதற்கப்புறம் விரும்பினால் சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத்தேர்வு எழுதி மூன்று வருடம் டி.எம். கிளினிக்கல் பார்மகாலஜி. மும்பை கே.இ.எம்., சண்டிகர் பி.ஜி.ஐ., நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் டி.எம். உண்டு. நாடு முழுக்கச் சேர்த்தாலும் இடங்கள் மிகக் குறைவு.

எம்.டி. இடங்களின் கதை நேர்மாறானது. அவை காலியாகக் கிடக்கின்றன. 2023-ல் நீட் பிஜி தகுதியைப் பூஜ்ஜிய பர்சன்டைல் வரை இறக்க வேண்டி வந்ததற்கு, பார்மகாலஜி மாதிரி வார்டு சாராத துறைகளில் நிரம்பாமல் நின்ற இடங்கள் ஒரு முக்கியக் காரணம். இதனால் கவுன்சலிங் கடைசிச் சுற்றில், மனமே இல்லாமல் இந்தச் சீட்டை எடுப்பவர்கள் நிறைய. அவர்களை நான் குறை சொல்லவில்லை. வயது ஏறுகிறது, வீட்டில் அழுத்தம், இன்னொரு வருடம் கோச்சிங்கில் உட்கார முடியாது. ஆனால் மனதில் பொது மருத்துவத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் இங்கே இருப்பது கஷ்டம். என்னிடம் படித்த ஒரு பையன் முதல் ஆறு மாதம் ஒவ்வொரு மதியமும் மெடிசின் ரவுண்ட்ஸ் நடக்கும் நேரத்தில் மாடி ஜன்னலருகே போய் நின்றுகொள்வான். கடைசியில் விட்டுவிட்டுப் போய் மறுபடி பரீட்சை எழுதினான். சரியான முடிவு என்றுதான் நான் அவனிடம் சொன்னேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். எம்.டி. முடித்தால் உங்கள் பெயருக்குப் பின்னால் ஸ்பெஷலிஸ்ட் பட்டம் இருக்கும், ஆனால் போர்டு மாட்டி நடத்தும் கிளினிக் இருக்காது. எம்.பி.பி.எஸ். தகுதியில் பொது மருத்துவராகப் பார்க்கலாம், அவ்வளவுதான். "கிளினிக்கல்" என்ற பெயரைப் பார்த்து தினமும் நோயாளிகள் சூழ இருக்கலாம் என்று நினைத்து டி.எம்.முக்கு வருபவர்களும் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே இது மருத்துவர்களுக்கான முறையான சிறப்புத் துறை. பொது மருத்துவத்தோடு சேர்த்துப் பயிற்சி பெற்று வார்டில் நோயாளிகளைப் பார்ப்பார்கள், நஞ்சு உட்கொண்டவர்களுக்குச் சிகிச்சையும் செய்வார்கள். படுக்கையருகில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்யத்தான் ஆசை என்றால் அந்த வழியையும் விசாரித்துப் பாருங்கள்.

இங்கே பெரும்பாலானோர் போய்ச் சேரும் இடம் மருத்துவக் கல்லூரி. பாடம் நடத்துவது பாதி வேலை. மறுபாதி கல்லூரியைப் பொறுத்தது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் தொடங்கி, மறு வருடம் காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையத்தின் பொறுப்புக்குப் போனது. அதன் கீழ் பல கல்லூரிகளில், மருந்தால் வரும் பாதக விளைவுகளைப் பதிவு செய்யும் ஏ.டி.ஆர். மையங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பார்மகாலஜி துறைதான் நடத்தும். வார்டில் யாருக்காவது மருந்தால் தோல் கொப்புளித்தால் நீங்கள் போக வேண்டும். எந்த மருந்தை எப்போது தொடங்கினார்கள், எத்தனை நாள் கழித்துக் கொப்புளம், நிறுத்தியதும் குறைந்ததா, முன்பு எப்போதாவது வந்ததா என்று துப்பறிகிற மாதிரி கேட்டு எழுத வேண்டும். நோயாளியின் மனைவி பையிலிருந்து ஊர் மருந்துக்கடையில் வாங்கிய, பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டும்போதுதான் பாதி வழக்குகளில் விடை கிடைக்கும். கேஸ் ஷீட்டில் அது இருக்காது.

அப்புறம் நெறிமுறைக் குழு. மருந்து ஆய்வு எதுவானாலும் இந்தக் குழு பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதில் துறை சாராத ஒரு பொதுமனிதரும் இருக்க வேண்டும். குழுவில் வேலையைச் சுமப்பவர் பல இடங்களில் பார்மகாலஜிக்காரர்தான். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில், தமிழ் ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், "இது எனக்கே புரியலையேம்மா" என்றார். அந்தப் பக்கத்தில் "மருந்துப்போலி" என்று ஒரு வார்த்தை, விளக்கமே இல்லாமல். கடைசியில் இப்படி மாற்றி எழுதினோம்: "பார்க்க மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. உங்களுக்குக் கிடைப்பது எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது." அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரம் உங்களுக்குச் சலிப்பாக இருக்குமா, முக்கியமாகப் படுமா என்று யோசித்துப் பாருங்கள். நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைவிட அது உங்களைப் பற்றி நிறையச் சொல்லும்.

மருந்து நிறுவனங்களுக்குப் போகிறவர்களும் உண்டு. மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை எல்லா இடத்திலும் வேலை இருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவது, பாதுகாப்புத் தகவல்களை மருத்துவர் கண்ணோடு பரிசீலிப்பது, மருத்துவ ஆலோசகராக இருப்பது எனப் பல வகை. கணக்கில் ருசி உள்ளவர்களுக்கு மருந்து உடலில் நகர்வதைக் கணினியில் மாதிரி போட்டு டோஸைக் கணிக்கும் வேலை இருக்கிறது. சம்பளம் கல்லூரியைவிடக் கூட இருக்கலாம். பொறுப்பும் சின்னதல்ல. 2006-ல் லண்டனில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தை முதல்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்தபோது, ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேரும் உயிருக்குப் போராடினார்கள். விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுக்கப்பட்டது. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பார்த்திருந்தால் மற்ற ஐந்து பேருக்கு அது நேர்ந்திருக்காது. "முதல் டோஸ் எவ்வளவு, இரண்டாவது ஆளுக்கு எப்போது" என்பதை எழுதும் நாற்காலியில் ஒருநாள் நீங்கள் உட்காரக்கூடும்.

மருந்தியல் படித்தவர் ஒரு நாட்டின் மருந்துக் கொள்கையையே மாற்ற முடியும் என்பதற்கு இலங்கையின் சேனக பிபிலே இருக்கிறார். மருந்தியல் பேராசிரியர். 1971-ல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் பின்னால் இருந்த மூளை அவருடையது. தேவையான மருந்துகளை மட்டும், பிராண்டு பெயரில்லாமல், நாட்டுக்காக மொத்தமாக வாங்குவது என்ற யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் 1994-ல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகமும் அரசு மருத்துவமனைகளுக்குப் பட்டியல் போட்டு, பொதுப்பெயரில் மருந்து வாங்கும் அதே வழியில்தான் நடக்கிறது. பட்டியலில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று உட்கார்ந்து வாதாடுவதும் நம் துறையின் வேலைதான். அதிகம் பேசப்படாத, ஆனால் லட்சக்கணக்கானவர்களைத் தொடுகிற வேலை.

ஃபார்ம்.டி. படிப்பவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பார்கள், எங்களுக்கு இதில் இடம் உண்டா என்று. 2008-ல் வந்த ஆறு வருட மருந்தாளுமைப் படிப்பு அது, கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். வார்டில் மருந்துச் சீட்டுகளைப் பார்த்து மருந்துகளுக்கிடையிலான மோதல்களைக் கண்டுபிடிப்பதில் நல்ல ஃபார்ம்.டி. மாணவர்களை என் எம்.டி. மாணவர்களைவிடக் கெட்டிக்காரர்களாகப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கண்காணிப்பிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் டி.எம். அவர்களுக்குத் திறக்காது, அது டாக்டர்களுக்கானது. எம்.எஸ்சி. மெடிக்கல் பார்மகாலஜி படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலை என்ற கதவு 2020 விதிகளில் மூடியது. 2025-ல் கூடவே பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மறுபடி திறந்தார்கள். விதி இப்படி ஆடுகிறது என்பதால் சேரும் வருடத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் கவனம் தவறுகிறார்கள். பார்மகாலஜி என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு துறையும் இன்னொரு துறையும் மலைக்கும் மடுவுக்கும். சில இடங்களில் மூன்று வருடமும் நான்கு சுவருக்குள் பாடம் எடுத்து, தீசிஸ் எழுதி முடித்துவிடலாம். சில இடங்களில் ரத்தத்தில் மருந்தளவு பார்க்கும் டி.டி.எம். ஆய்வகம் நடக்கும், வேலூர் சி.எம்.சி. மாதிரி. ஜிப்மரில் தென்னிந்தியர்களின் மருந்து சிதைக்கும் மரபணுக்களைப் பற்றி வருடக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. சாய்ஸ் லாக் செய்யும் முன் அங்கே படிக்கும் பிஜி ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எப்போது வார்டுக்குப் போனீர்கள், எதற்குப் போனீர்கள்? யோசித்து யோசித்துப் பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் முழுக்க டி.டி.எம். ஆய்வகத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நான் பிஜியாக இருந்தபோது அப்படி ஒரு நாள். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்த ஒருவரின் ரத்தம் வந்தது, டாக்ரோலிமஸ் அளவு பார்க்க. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து. அளவு 18 என்று வந்தது, அவருக்கு இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வார்டிலிருந்து போன் வந்தபடி இருந்தது, டோஸைப் பாதியாகக் குறைக்கலாமா என்று. படிவத்தில் "கடைசி டோஸ் எத்தனை மணிக்கு" என்ற கட்டம் காலியாக இருந்தது. என் மேடம் ரிசல்ட்டைக் கையெழுத்து போடாமல் வைத்துவிட்டு என்னை வார்டுக்கு அனுப்பினார். ஸ்டாஃப் நர்ஸ் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார், "எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்தோம் டாக்டர், ஒன்பதரைக்கு பிளட் எடுத்தோம்." அடுத்த டோஸுக்கு முன்னால், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டிய ரத்தம், மருந்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை மாத்திரைக்கு முன் எடுக்கச் சொல்லி நானே போய் நின்றேன். 7 வந்தது. அவர் அதே டோஸில் வீட்டுக்குப் போனார்.